கணப்பு எரிந்தால்தான் பெட்டி இறங்கும்

ஆர்மெல் வீட்டுக் கீழறையில் கணப்பு தயாராக நின்றது. கறுப்பு இரும்புக் கூடு, முன்னால் கண்ணாடி, உள்ளே நிஜ விறகு போலவே செய்த பீங்கான் கட்டைகள். வெளியே, சுவரைத் தாண்டிப் பத்தடி தள்ளி, வெள்ளை நிறப் புரொப்பேன் தொட்டி. இரண்டுக்கும் நடுவே மச்சான் ரெஜான் இழுத்துவிட்ட செம்புக் குழாய். கேஸ் கம்பெனி ஆள் வந்து சோதித்து வால்வைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது.

அது இன்றே முடிய வேண்டும். நாளை சனிக்கிழமை மாமனார் அல்சீட் வருகிறார். முதுகு போய்விட்டது; இனி விறகு பிளக்க முடியாது. குளிர்காலத்தை மருமகன் வீட்டில் கழிக்க ஒப்புக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: காலையில் கண் விழித்ததும் நெருப்பைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கனெக்டிகட்டில் மூத்த மகள் ஜானினின் அடுக்குமாடிக்குப் போய்விடுவார். அங்கே சூடு சுவரிலிருந்து வரும். அடுப்பும் கண்ணாடி அடுப்பு. இரும்புச் சாமான் எதையும் அதன்மேல் வைக்க ஜானின் விடமாட்டாள்.

மனைவி நோயெல்லா இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. ஆர்மெல் சமையலறையில் நின்றபடியே சாப்பிடப் பழகியிருந்தான். வீட்டில் இன்னொருவர் இருமும் சத்தம் கேட்டால் நன்றாயிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

பத்து மணிக்குக் கேஸ் கம்பெனியிலிருந்து தெரேஸ் வந்தாள். ஆர்மெலோடு பள்ளியில் படித்தவள். பூட்ஸைக் கழற்றிவிட்டு நேரே தரையில் படுத்து, கணப்பின் அடியில் டார்ச் அடித்தாள்.

"இத எங்க வாங்கினீங்க?"

"பாங்கர் டவுன்ல ஒரு டாக்டர் வீட்ட இடிச்சாங்க. புதுசு மாதிரியே இருக்குல்ல?" ரெஜானுக்கு அதில் பெருமை.

"புதுசுதான். ஆனா டவுன்ல குழாயில வர்ற கேஸுக்குச் செஞ்சது. இங்க தகட்டுல எழுதியிருக்கே, படிக்கலயா?"

"கேஸுன்னா கேஸுதானே?"

"புரொப்பேனுக்கு உக்கிரம் ஜாஸ்தி. கேஸ் வர்ற இந்த ஓட்டை வழியா விட்டா ரெண்டு மடங்குக்கு மேல எரியும். கண்ணாடி பூரா கரி பிடிக்கும். விஷப்புகை வேற. படுத்தவர் எந்திரிக்க மாட்டார்."

"இவ்வளவுதானா? ஓட்டைய அடைச்சுட்டுச் சின்னதா ஒண்ணு போட்டுடறேன். எங்கிட்ட டிரில் இருக்கு."

தெரேஸ் எழுந்து வெளியே போனாள். தொட்டி வால்வில் பூட்டை மாட்டி, சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டிவிட்டுத் திரும்பினாள்.

"உன் டிரில்லுக்காகத்தான் அந்தப் பூட்டு."

"நாளைக்கு மாமா வர்றார், தெரேஸ்," என்றான் ஆர்மெல்.

"நாளன்னைக்கும் அவர் இருக்கணும்ல? இந்த மாடலுக்குன்னே கம்பெனி மாத்து சாமான் போடுது. நாசில், ரெகுலேட்டர் ஸ்பிரிங், எல்லாம் ஒரே டப்பாவுல வரும். காரிபூ டவுன் கடையில கேட்டுப் பாக்கறேன்."

கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. போய்வர மூன்று மணி நேரம். ரெஜான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினான்.

அவன் போன அரை மணியில் வாசலில் பழைய நீல ட்ரக் வந்து நின்றது. அல்சீட், ஒரு நாள் முன்னதாகவே.

"பனி கொட்டும்னு ரேடியோவுல சொன்னான். அதான் இன்னைக்கே வந்துட்டேன். நெருப்பு எங்க, மாப்ள?"

"சாயங்காலம் எரிஞ்சுடும், மாமா. பெட்டிய இறக்கட்டுமா?"

"வண்டியிலயே இருக்கட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

கோட்டும் தொப்பியுமாகக் குளிர்ந்த கணப்பின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

தெரேஸ் குழாயில் பம்ப்பால் காற்றை ஏற்றினாள். அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கியது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினாள். கணப்புக்குப் பின்னாலிருந்த இணைப்பில் ஒரு குமிழி பெரிதாகி உடைந்தது.

"உங்க பையன் ரெஜான் வேலைதான் பெரியவரே. டேப்ப எப்படிச் சுத்தியிருக்கான் பாருங்க. இந்த இணைப்புக்கு டேப்பே கூடாது. செம்பும் பித்தளையும் நேருக்கு நேர் உக்காரணும்."

"சின்ன வயசுல விரல்ல கீறல் பட்டாலும் முழங்கை வரைக்கும் கட்டுச் சுத்திப்பான்."

தெரேஸ் குழாய் நுனியை வெட்டி, வாயைப் புதிதாக விரித்து, டேப் இல்லாமல் இறுக்கினாள். இந்தமுறை முள் அசையவில்லை. அல்சீட் கூரையைப் பார்த்தார்.

"அது என்னப்பா அங்க?"

"கேஸ் கசிஞ்சா கத்தும், மாமா. நான்தான் மாட்டினேன்."

"புரொப்பேன் தண்ணி மாதிரி தரையிலதானே கிடக்கும்? கிழங்குக் கிடங்குல நாப்பது வருஷம் ஹீட்டர் வச்சவன் நான். அது அங்கயிருந்து யாரக் கூப்பிடும்? தேவதைங்களயா?"

தெரேஸ் சிரித்துவிட்டாள். ஆர்மெல் ஏணி வைத்து அதைக் கழற்றித் தரையோரமாக மாட்டினான். புகை அலாரம் மாட்டும் இடத்திலேயே இதையும் மாட்டியிருந்தான். காது சுட்டது.

"வெளிய பூட்டுப் போட்டது யாரு?" என்றார் அல்சீட்.

"நான்தான்," என்றாள் தெரேஸ். "உங்க பையன் டிரில் எடுத்தாறேன்னான்."

"அப்ப ரெண்டு பூட்டுல்ல போட்டிருக்கணும்?"

ரெஜான் தொப்பியில் பனியோடு வந்து, டப்பாவை நீட்டினான். உள்ளே இருந்த நாசிலின் ஓட்டை குண்டூசி முனை அளவுதான் இருந்தது. தெரேஸ் அதையும் ஸ்பிரிங்கையும் மாட்டி, 'புரொப்பேன்' என்ற வில்லையைப் பழைய தகட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். பூட்டைத் திறந்தாள். கேஸ் வந்ததும் அழுத்தத்தை அளந்தாள். ஒவ்வொரு இணைப்பிலும் மறுபடி சோப்புத் தண்ணீர். குமிழி இல்லை.

"போடு, ஆர்மெல்."

ஆர்மெல் பொத்தானை அழுத்தினான். நீலமாய் ஒரு கோடு ஓடியது. பிறகு கட்டைகளுக்கு நடுவே மஞ்சள் தீ நிதானமாக எழுந்தது. கால் மணி நேரம் நால்வரும் அதையே பார்த்தார்கள். கண்ணாடியில் கரி படியவில்லை.

அல்சீட் தொப்பியைக் கழற்றினார். சற்றுப் பொறுத்துக் கோட்டையும் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து ட்ரக் சாவியை எடுத்து வீசினார்.

"மாப்ள, பெட்டி."

பெட்டியின் கனம் கையைப் பிடுங்கியது. ஆர்மெல் கீழறையில் வைத்துத் திறந்தான். கம்பளிச் சட்டைகளுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றிய இரும்புக் கல். அவர் ப்ளாய் தோசை சுடும் கல்.

"ஜானின் அடுப்புல இத வைக்க விடமாட்டாளே, மாமா."

"தெரியும்."

"ப்ளாய்க்கு வீட்ல பக்வீட் மாவு இல்லியே. வாங்கிட்டு வரட்டுமா?"

"பனியில எங்க போற? பெட்டியில அந்தப் பக்கம் பாரு."

சமையலறை அடுப்பில் ப்ளாய் ஒரு பக்கம் மட்டும் வெந்து, மேலெல்லாம் கண் கண்ணாய் வந்தது. தெரேஸ் இரண்டு தின்றாள், ரெஜான் எட்டு. ஆர்மெல் தட்டை எடுத்துக்கொண்டு கணப்புப் பக்கமாக வந்து, உட்கார்ந்து சாப்பிட்டான்.