வஸ மெஷின்

“வஸ மெஷிமக்” என்று சொல்லியிருக்கிறார் இந்த மனுசன். வெள்ளவத்தையில், சோதனைச் சாவடியில், துவக்கோடு நின்ற ஆமிக்காரனுக்கு முன்னால், நல்ல பகல் வெளிச்சத்தில். சிங்களத்தில் வஸ என்றால் நஞ்சு. நஞ்சு தேடுகிற மெஷின் என்று சொல்வதற்கு நடுவில் ‘ஹொயன’ என்று இன்னொரு சொல்லைப் போட்டிருக்க வேண்டும். அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. அனுராதபுரத்தில் கந்தோர் உத்தியோகம் பார்த்த காலத்திலிருந்து “சிங்களம் எனக்குத் தண்ணிபட்ட பாடு” என்று என் தலையைத் தின்றுகொண்டிருந்த நாகேந்திரம், சாப்பாட்டுக்கடையிலும் பஸ்ஸிலும் பொறுக்கிய சிங்களத்தை வைத்துக்கொண்டு ஆமிக்காரனுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கப் போயிருக்கிறார். என்ன கோதாரிக்கு?

செய்தியைக் கொண்டுவந்தவன் ஹியூபேட். கொட்டாஞ்சேனைப் பொடியன், இவரைத் தன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனவன். நான் படிப்பிக்கிற ஹெவ்லொக் டவுன் பாடசாலை வாசலில் வியர்த்து வழிய நின்றான்.

“அக்கா, சேரைப் பிடிச்சிட்டாங்க. நான் கண்ணக் காட்டினேன், பேசாம இருங்கன்னு. சேர் கேக்கவே இல்ல. பேக்கைத் தொறந்து அவன்ட மூஞ்சிக்கு நேர காட்டுறார், அக்கா!”

காட்டுவார். காட்டாமல் இருந்தால்தான் அதிசயம். பென்சன் எடுத்த நாளிலிருந்து இவர் பிடிக்காத ஏஜென்சி இல்லை. தண்ணீர் வடிகட்டி விற்றார், கொம்பியூட்டரில் சாதகம் பார்த்தார், கடைசியாக இந்தப் பெட்டி வந்தது. சிங்கப்பூர்க் கம்பனி ஒன்று கொடுத்ததாம். சோப்புப் பெட்டி அளவு. ஒரு சிறிய பட்டியில் இரண்டு சொட்டுத் தண்ணீரோ இறால் கழுவிய நீரோ விட்டுச் செருகினால், பட்டியில் பூசியிருக்கும் பிறபொருளெதிரி கெட்ட பற்றீரியாவைப் பிடித்துக்கொள்ளும், மின்னோட்டம் மாறும், ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்துக்குள் பச்சையோ சிவப்போ எரியும். ஆய்வுகூடத்தில் நாட்கணக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இதை அவர் சாப்பாட்டு மேசையில் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! எட்டாம் வகுப்புக்கு நுண்ணங்கிகள் பாடம் எடுக்கிற எனக்கே சொல்வார். நான் ஒரு நாளும் காது கொடுத்ததில்லை. இவருடைய வாயில் வந்தால் உண்மைக்கும் மதிப்புப் போய்விடும். யார் எதைச் சொன்னாலும் “ஓம் ஓம், அதுதானே” என்று தலையாட்டுகிற மனுசன். தன் சொல்லில் ஒரு முறையாவது நின்றதை நான் கண்டதில்லை.

ஹியூபேட்டின் ஓட்டோவில் போகும்போது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. குளங்களில் நஞ்சு கலக்கப் போகிறார்கள் என்று பேப்பர்கள் கத்திக்கொண்டிருந்த மாதம் அது. பொழுதுபடுவதற்குள் இவரை வெளியே எடுக்காவிட்டால் மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களைத் தேடி அலைகிற மனைவிமாரை எனக்குத் தெரியும். எங்கள் மாடியிலேயே ஒருத்தி இருந்தாள்.

பொலிஸ் நிலையத்து விறாந்தையில், லொட்ஜுகளில் சுற்றிவளைத்துக் கொண்டுவந்த சனம் மர வாங்குகளில் நெருக்கியடித்து இருந்தது. மூலையில் ஒரு மண்பானை, அதன்மேல் அலுமினியக் குவளை. உள்ளே பொறுப்பதிகாரியின், ஓ.ஐ.சி.யின், மேசையில் அந்தப் பெட்டி. மேசைக்கு இந்தப் பக்கம், இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, என் புருஷன்.

“இஞ்சேர், ஒரு சின்ன மிஸ் அண்டர்ஸ்ராண்டிங்” என்றார்.

“வாயை மூடுங்கோ.”

ஓ.ஐ.சி. கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. களைத்துப்போனவர். நான் விஞ்ஞான ரீச்சர் என்று சொன்னதும் கதிரை போடச் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இது நஞ்சு போடுகிற மெஷின் இல்லை, கிருமி கண்டுபிடிக்கிறது, மீன் கம்பனிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் விற்பது, இன்றைக்கும் ஹெந்தளைக்கு ஒரு இறால் கம்பனிக்குக் காட்டத்தான் புறப்பட்டவர் என்று விளங்கப்படுத்தினேன். அவர் தலையை ஆட்டினார். அப்படியென்றால் செய்து காட்டச் சொன்னார். பானைத் தண்ணீர் வந்தது.

நாகேந்திரத்தின் கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் புதினமாக இருந்தது. பட்டியின் உறையைக் கிழித்து, இரண்டு சொட்டு விட்டு, செருகிவிட்டுக் கைகட்டி இருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சையாக எரிந்துவிடு தாயே என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். சிவப்பு எரிந்தது.

அறையில் இருந்த பொலிஸ்காரர்களின் முகம் மாறியது. காலையிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள். ஒருவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். என்னுடைய ஸ்ரேசனில் நஞ்சா, யார் போட்டது, இப்போது நீதான் போட்டாயா என்று ஓ.ஐ.சி. எழும்பிவிட்டார்.

“நஞ்சு இல்லை சேர், மலக்கிருமி. கக்கூஸ் தண்ணி எங்கேயோ கலக்குது” என்று இவர் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிங்களம் கலந்து சொன்னார். விசர் மனுசன்! ஆத்திரத்தில் எழும்பி நிற்பவனிடம் போய், நீ குடிப்பது பீத்தண்ணி என்று சொல்வதா? நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன்.

ஓ.ஐ.சி. ஒரு கிளாஸில் அதே தண்ணீரை வார்த்து இவருக்கு முன்னால் தள்ளினார். “பொன்ன” என்றார். குடி. குடித்தால் நீ ஒன்றும் போடவில்லை என்று நம்புகிறேன், வீட்டுக்குப் போகலாம். குடிக்காவிட்டால் நஞ்சுதான், மேலே அனுப்புகிறேன்.

இதைவிட இலேசான வழி உண்டா? வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னவருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் என்ன பெரிய காரியமா?

“குடியுங்கோவன். மிஞ்சிப்போனால் வயித்தாலை போகும், அவ்வளவுதானே.”

“ஏலாது கனகேஸ்.”

“என்ன ஏலாது?”

“நான் குடிச்சால் தண்ணி நல்லதெண்டு ஆகிடும். வெளியாலை இருக்கிற சனமும் உந்தத் தண்ணியைத்தான் குடிக்குது.”

இந்த மனுசனுக்கு இன்றைக்குத்தானா முதுகெலும்பு முளைக்க வேண்டும்? எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கிளாஸை அவருடைய தலையில் கவிழ்த்திருப்பேன். ஓ.ஐ.சி. டெலிபோனில் கை வைத்தார். நான் கிளாஸை எடுத்தேன். இந்த மெஷின் பழுது, சேர், தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, சிங்கப்பூர்க்காரன் இவரை நல்லாய் ஏமாற்றிவிட்டான், இவர் எப்போதும் இப்படித்தான், யார் வந்தாலும் ஏமாறுவார் என்று சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் குடித்தேன். வெதுவெதுப்பாக, பாசி மணத்தது.

ஓ.ஐ.சி. முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். பொலிஸ்காரர்களும் சிரித்தார்கள். வயிற்றைத் தொட்டவன்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தான். பாவம் இந்த மாத்தயா, ரீச்சர் நோனா சொல்வதைக் கேட்டு நடக்கட்டும் என்று அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெட்டியையும் கொடுத்தார்கள். பழுதான சாமான்தானே.

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கேற்றடியில் ஹியூபேட் ஓட்டோவை ஸ்ரார்ட் பண்ணி வைத்திருந்தான். ஏறி இருந்த பிறகுதான் பக்கத்தில் ஆள் இல்லை என்று தெரிந்தது.

விறாந்தையில், வாங்கில் இருந்த ஒரு பெண் மடியில் குழந்தையோடு தண்ணீர் கேட்டிருக்கிறாள். பொலிஸ்காரன் ஒருவன் குவளையோடு பானையடிக்கு வந்திருக்கிறான். அங்கே நாகேந்திரம் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது உள்ளங்கையால் பானையின் வாயைப் பொத்தியபடி நின்றார்.

“இஞ்சருங்கோ! வாங்கோ!” என்று கத்தினேன்.

அவருக்குக் கேட்டது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் இவ்வளவு காலமும் நான் அவரைப் பார்த்துவந்த பார்வை அது. பிறகு பொலிஸ்காரனிடம், “பொன்ட எப்பா மல்லி” என்றார். குடிக்க வேண்டாம், தம்பி. குழந்தை வீரிட்டு அழுதது. பொலிஸ்காரன் உள்ளே ஓ.ஐ.சி.யின் அறைப் பக்கம் பார்த்தான், கையிலிருந்த குவளையைப் பார்த்தான். நாகேந்திரம் கையை எடுக்கவில்லை.