சந்திர பூதத்தின் நடை

சினிமாக்காரன் பேச்சை நம்பி இசக்கிப்பாண்டி செம்பூருக்குப் போகவில்லை. கரீம் பாட்சா கூப்பிட்டார், போனான். பாட்சா மேலப்பாளையத்துக்காரர். பம்பாய்த் தாராவியின் தோல் ஷாப்புகளில் தையலில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

செம்பூர் ஸ்டூடியோ ஒன்றில் இந்திப் படம் எடுத்தார்கள். ஒரு பயில்வான் ராக்கெட்டில் ஏறிச் சந்திரனுக்குப் போகிறான். அங்கே ஒரு பூதம் வந்து கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு போகிறது. பயில்வான் அதை அடித்துக் கொல்கிறான். அவ்வளவுதான் கதை. அறுபத்தாறாம் வருஷம் அது. சந்திரனில் அதுவரை எவனும் கால் வைத்திருக்கவில்லை. ஆகவே எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம், அப்படி இல்லை என்று சொல்ல ஆள் கிடையாது.

பூதத்துக்கு உடுப்புத் தைக்கிற வேலை பாட்சாவுக்கு வந்தது. கழித்துப் போட்ட ஆட்டுத்தோலை இசக்கி சீவிக் கொடுத்தான், பாட்சா தைத்தார். முதுகுச் செதிலுக்கு லாரி டியூபை வெட்டி ஒட்டினார்கள். வயிற்றில் தேங்காய் நாரை அடைத்தார்கள். கண்ணுக்கு மோட்டார் சைக்கிள் விளக்கு இரண்டு, அதற்கு பாட்டரி முதுகுக்குள்ளே. எல்லாம் சரியாகத்தான் வந்தது, நாற்றம்தான் போகவில்லை. டாக்ஸிக்காரன் எவனும் ஏற்றமாட்டேன் என்றதால் கைவண்டியில் போட்டு சயான் வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் நாய்கள் கூடவே வந்தன.

ஸ்டூடியோ ஷெட்டுக்குள் சந்திரன் இருந்தது. தரையில் சாம்பலும் சுண்ணாம்பும் கொட்டி, சாக்கு மூட்டைகளின் மேல் பிளாஸ்டர் பூசி மலை பண்ணியிருந்தார்கள். ஆகாயம் ஒரு கறுப்புத் துணி. அதில் ஓட்டை ஓட்டையாகக் குத்திப் பின்னால் பல்பு எரியவிட்டால் நட்சத்திரம். நடுவில் பூமி நைலான் கயிற்றில் தொங்கியது. காற்றடித்தால் பூமி ஆடுகிறது என்று ஃபேனை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். இந்த வெக்கையில் அந்த உடுப்புக்குள் போன குஸ்திக்காரன் ஒருவன் கொஞ்ச நேரத்தில் மயங்கி விழுந்தான். பூதத் தலையை உருவி எடுத்தபோது வாந்தி எடுத்தான். வெக்கையாலா நாற்றத்தாலா என்று யாரும் விசாரிக்கவில்லை.

டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நாற்றத்தில் மூக்கைப் பொத்தாமல் நின்றவன், பாட்சாவை விட்டால், இசக்கி ஒருவன்தான். உயரமும் பொருந்தியது.

உள்ளே போனான். நடந்தான். "மனுஷன் மாதிரி நடக்காதே" என்று டைரக்டர் இந்தியில் கத்தினார். கரடி மாதிரி நடந்தான். அதுவும் வேண்டாமாம். குடிகாரன் மாதிரி நடந்தான், செட்டே சிரித்தது. "பூமியில் எவனும் நடக்காத நடை வேண்டும்" என்றார் டைரக்டர்.

மனுஷன் நடக்காத நடை இசக்கிக்கு ஒன்றுதான் தெரியும். அது சுடலையின் நடை. தாராவியில் அவர்கள் சந்து முனையில் தகரக் கூரை போட்டுச் சுடலைமாடனுக்கு ஒரு கோயில் உண்டு. வருஷா வருஷம் நடக்கும் கொடைத் திருவிழாவில் இசக்கியின் அப்பாதான் சாமியாடி. இடுப்பில் மணி தொங்கும் சல்லடம் கட்டி, குல்லாய் வைத்து, வல்லயம் என்கிற ஈட்டியைப் பிடித்து அவர் வந்தால் சந்து ஒதுங்கும். போன வருஷம் அவர் செத்துப்போனார். வருகிற கொடையில் வல்லயம் இசக்கியின் கைக்கு வரவேண்டும். சித்தப்பா மகன் பூலோகத்துக்கும் அதன்மேல் ஒரு கண். இசக்கிக்கு அந்த வல்லயத்தைத் தவிர உலகத்தில் வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த நடையை நடந்தான். குதிங்காலை ஊன்றி, ஒரு தோளைச் சாய்த்து, தலையை மட்டும் மெல்லத் திருப்பி, முன்னே வந்து, பின்னே வாங்கி, மறுபடி முன்னே வந்தான். சாமி வரவில்லை. நடை மட்டும் வந்தது. டைரக்டர், "இதுதான், இதுதான்" என்று சாம்பலில் குதித்தார். கடைசியில் பயில்வான் ஒரு குத்து விட, பூதம் மல்லாக்க விழுந்தது. பயில்வான் அதன் நெஞ்சில் காலை வைத்துப் பாட்டுப் பாடினான்.

அன்று முதல் படம் வரும்வரை இசக்கி வாயை மூடவில்லை. சந்திர பூதம் நான்தான் என்று டீக்கடையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் சொன்னான். எவனும் நம்பவில்லை. மூஞ்சி தெரியாத நடிகனை எவன் நம்புவான்? சந்தில் பயில்வானுக்கு ரசிகர்கள் ஏராளம். அவன் படத்தை ஒட்டிவைத்து அதற்கு முன்னால் தண்டால் எடுக்கிற கூட்டம் அது. "பூதம் வந்துட்டுலே, தோல் நாத்தம் அடிக்கு" என்று இசக்கியைப் பார்த்தாலே கேலி.

தாதரில் படம் வந்தது. முதல் நாளே சந்து திரண்டு போயிற்று, பெண்களும்தான். பயில்வான் ராக்கெட்டில் ஏறினான், விசில் பறந்தது, காசு பறந்தது. பிறகு பிளாஸ்டர் மலைக்குப் பின்னாலிருந்து பூதம் வந்தது. அது நடக்கத் தொடங்கியதும் தாராவிப் பெண்கள் சாமிக்குப் போடுகிற குலவையைப் போட்டுவிட்டார்கள். யோசித்துப் போடவில்லை, தானாக வந்தது. முன் வரிசை மராட்டிக்காரர்கள் தீப்பிடித்ததோ என்று எழுந்துவிட்டார்கள். இசக்கியின் பெண்டாட்டி பேராச்சி மட்டும் குலவை போடாமல் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பூதம் விழுந்து, நெஞ்சில் கால் ஏறியபோது தாராவிக்காரர்கள் இருந்த பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கொடையில் சாமி ஆடும்போது தாங்கிப் பிடிக்கப் பின்னால் இரண்டு பேர் நிற்பார்கள். சாமி தரையில் விழவே கூடாது.

அதோடு போயிருந்தாலும் போயிருக்கும். மறுநாளிலிருந்து வாலிபப் பயல்கள் சந்தில் பூதம் விளையாட ஆரம்பித்தார்கள். இடுப்பில் தகர டப்பாவைக் கட்டி, குதிங்காலை ஊன்றி ஒருத்தன் வருவான். இன்னொருத்தன் அவனைக் குத்தித் தள்ளி நெஞ்சில் ஏறி நிற்பான். கோயில் பெரியவர் பிரம்மநாயகம் இதைக் கண்ணால் பார்த்தார். கூட்டம் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் முன்னால் எல்லாரும் உட்கார்ந்தார்கள். கரீம் பாட்சாவும் ஓரமாக வந்து நின்றார்.

"ஏலே இசக்கி, அந்தத் தோலுக்குள்ள இருந்தது நீதானா?" என்றார் பிரம்மநாயகம்.

இசக்கி வாயைத் திறக்குமுன் பெரியவரே மேலே பேசினார்.

"மூஞ்சியா தெரிஞ்சுது? எவனோ பஞ்சாபிக்காரன் கிறுக்குத்தனமா நடந்திருப்பான். நான் இல்லைன்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிரு. வல்லயம் உனக்குத்தான். எல்லாரும் போய்ச் சோலியைப் பாப்போம்."

"ஆறு மாசமா நாந்தான் நாந்தான்னு தொண்டை கிழியக் கத்துனவன், இன்னைக்கு இல்லைம்பானாக்கும்?" என்றான் பூலோகம்.

"நீ சும்மா கெடலே."

பெரியவருக்கு வேண்டியது உண்மை இல்லை, கொடை ஒழுங்காக நடக்கவேண்டும். பொய் என்று தெரிந்தே கேட்கிறார், எல்லாரும் தெரிந்தே தலையாட்டக் காத்திருக்கிறார்கள். ஆனால் சத்தியம் சுடலை முன்னால் அல்லவா? பொய்ச் சத்தியம் பண்ணினவன் ரத்தம் கக்குவான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. தட்டில் சூடம் எரிந்தது. இசக்கி கையை நீட்டினான். எடுத்துக்கொண்டான். மறுபடி நீட்டினான்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்று முன்னால் வந்தார் பாட்சா. "அதுக்குள்ள இருந்தது நான்."

பாட்சாவுக்குத் தொப்பை முன்னால் போகும், ஆள் பின்னால் வருவார். வலது கால் கொஞ்சம் தாங்கல் வேறு. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. பிரம்மநாயகம் சிரிக்கவில்லை. நல்ல வழி கிடைத்ததென்று பிடித்துக்கொண்டார்.

"இந்த நடையை எங்கவே படிச்சீரு?"

"வருஷா வருஷம் கொடை பாக்கேன்லா. எனக்கும் கண்ணு இருக்கு. ஏதோ விவரம் தெரியாம நடந்துட்டேன், பொறுத்துக்கிடணும்."

"பாய் பொய் சொல்லமாட்டாரு" என்று பெரியவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அவரு நம்ம ஆளு இல்லை. தெரியாமப் பண்ணிட்டாரு, விட்டுருவோம். சத்தியம் வேண்டாம், சூடத்தை எடுங்க."

முடிந்துவிட்டது. இசக்கி ஒன்றும் செய்யவேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். பெரியவர் உள்ளே போய் வல்லயத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பூலோகத்துக்கு வயிறு எரிந்தது. "அப்பம் ஒண்ணு சொல்லணும்" என்றான். "நடைன்னா பாய் நடந்த நடைதான் நடை. இவன் அப்பன் ஆடும்போதுகூட நான் இப்படிப் பாத்ததில்லை. இனி இவனும் பாய்கிட்டயே போய்ப் படிச்சுக்கிடட்டும்."

"நெசந்தான்" என்றாள் முப்பிடாதியம்மாள். குலவையை முதலில் போட்டவள் அவள். "எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிட்டுல்லா."

பாட்சா தாடியைத் தடவினார். லேசாகச் சிரித்தார். "என்னமோ, நம்மளால முடிஞ்சது" என்றார்.

இசக்கி வெடித்துவிட்டான்.

"ஓய் பாய்! உமக்குக் குதிங்காலு ஊனத் தெரியுமாவே? தோளைச் சாய்ச்சுக் காட்டும், பாப்போம்! அது நான்! நான் நடந்தேன்! அந்த வெக்கையில, அந்த நாத்தத்துல, மூச்சு முட்டி நான் நடந்தேன்!"

பேராச்சி தலையில் அடித்துக்கொண்டாள். பிரம்மநாயகம் நீட்டவிருந்த வல்லயத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சாமியை விழவச்சிட்டியேலே" என்றார். குரல்கூட உயரவில்லை. நடந்துபோய் வல்லயத்தைப் பூலோகத்தின் கையில் கொடுத்தார். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்தான். யாரோ திருப்பிக் கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்தது. தோல் ஷாப்புக்குப் போகிற வழியில் பாட்சா பின்னாலேயே தாங்கித் தாங்கி வந்தார்.

"கிறுக்குப் பயலே, எல்லாம் முடிஞ்சுபோச்சே. உனக்காகத்தானேடே பொய் சொன்னேன்? வாயை மூடிக்கிட்டு நிக்கமாட்டியா?"

இசக்கி நின்றான்.

"பொய் சொன்னீரு, சரி பாய். எதுக்குச் சிரிச்சீரு?"

பாட்சாவின் கை தாடிக்குப் போயிற்று. பாதியிலேயே இறக்கிக்கொண்டார்.