சைகோன் பணியாரம்

அழகுசுந்தரத்துக்குத் தன் வீட்டில் உப்பு எந்த ஜாடியில் இருக்கிறது என்று தெரியாது. தாகம் எடுத்தால் சுவரைப் பார்த்துத் "தண்ணி" என்பான். சுவரா கொண்டுவந்து தரும்? மீனாள்தான் ஓடவேண்டும். அப்படிப்பட்ட மகராசன் சைகோனிலிருந்து திரும்பிய மறுவாரம், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மாவு பிசைவது பற்றிப் பாடம் நடத்தினான்.

"மைதாவுல பாலு, வெண்ணெய், கொஞ்சம் சீனி. பிசைஞ்சு ஈரத்துணி போட்டு மூடிரணும். ரெண்டு பங்கா உப்புற வரைக்கும் தொடப்படாது. எண்ணெயில போட்டு எடுத்துச் சீனியில புரட்டுனா, பஞ்சு கணக்கா இருக்கும்."

"எந்தக் கடையில தின்னீக?"

"ஏதோ ஒரு கடை" என்று அவசரமாக மோரை ஊற்றிக்கொண்டான்.

கடையில் தின்றவனுக்கு ருசி தெரியும். ஈரத்துணி எப்படித் தெரியும்? மீனாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இவன் யாருடைய அடுக்களையிலோ பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். இங்கே அவள் இவன் நல்லபடியாக ஊர் திரும்ப வேண்டுமென்று வெள்ளிக்கிழமை தவறாமல் பட்டினி கிடந்திருக்கிறாள்.

அழுது மூக்கைச் சிந்துகிற ரகமில்லை மீனாள். இவன் மறுபடி கப்பல் ஏறக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். அதைச் செய்யக்கூடியவர் ஒருவர்தான்: அழகுசுந்தரத்தின் பெரியப்பச்சி, அதாவது அப்பச்சிக்கு அண்ணன், சொக்கலிங்கம் செட்டியார். அழகுசுந்தரம் பார்த்துவந்த சைகோன் வட்டிக்கடை அவருடையது. கடை பார்க்கப் போன இடத்தில் குடித்தனம் வைத்தவனைத் திரும்ப அனுப்புவதில்லை என்பதில் அவர் கறார். ஆனால் மருமகள் போய்ச் சொன்னால் நம்புவாரா? சந்தேகப் பிராணி என்று பட்டம் கட்டிவிடுவார்கள். அவனே காட்டிக்கொடுத்துக்கொள்ள வேண்டும்.

பெரியவருக்குப் பல் எல்லாம் போயாயிற்று. பலகார ஆசை மட்டும் போகவில்லை. மாமியார் உமையாள் ஆச்சியின் காதில் மீனாள் மெல்லப் போட்டுவைத்தாள். "அயித்தை, பல்லே வேண்டாத பணியாரமாம். பக்குவம் அவுகளுக்குத்தான் தெரியுமாம்."

சேதி போன வேகத்தில் உத்தரவு வந்தது. நாளைக்கே வீட்டு நடுமுற்றமான வளவில் அடுப்பு மூட்டி, அவர் கண்ணெதிரில் செய்ய வேண்டும்.

மறுநாள் வீட்டுச் சனம் அத்தனையும் வளவைச் சுற்றி நின்றது. மாவு பொங்க அங்கே ஏதோ பொடி போடுவார்களாம். இங்கே கள்தான் கிடைத்தது. உமையாள் ஆச்சி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அழகுசுந்தரம் முதலில் கூச்சப்பட்டான். மாவில் கை பட்டதும் கூச்சம் போய்விட்டது. விரலால் ஒரு குழி அமுக்கி, அது மெதுவாக மேலேறுவதைப் பார்த்துத் தலையாட்டினான். தம்ளரால் வட்டம் வெட்டி, நடுவில் துளையிட்டு எண்ணெயில் விட்டான். மீனாள் கரண்டியை நீட்டினாள். அவன் அதை வாங்காமல் இரண்டு மூங்கில் குச்சிகளை ஒரே கையில் இடுக்கிக்கொண்டு பணியாரங்களைப் புரட்டினான். ஒன்றுகூட நழுவவில்லை.

பெரியவரின் பார்வை அந்தக் குச்சிகளிலேயே நின்றது. அவரும் வாலிபத்தில் சைகோன் பார்த்தவர்தான்.

'நல்லாப் புரட்டு' என்று மீனாள் மனசுக்குள் கறுவினாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

கைப்பழக்கத்தில் அவன் ஒரு துணிப்பை கேட்டான். சீனியைக் கொட்டி, சூடு குறைந்த பணியாரங்களைப் போட்டு, வாயைச் சுருட்டி மகள் சாலாவிடம் கொடுத்தான். அவள் பையைக் கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அட, அப்படியில்ல, குலுக்கணும்! தம்பி உன்னையவிடச் சின்னவன், அவன் எப்படிக் குலுக்குவான் தெரியுமா?"



"எந்தத் தம்பி?" என்றாள் மீனாள்.

ஒருத்தி இருக்கிறாள் என்பதை வெளியே கொண்டுவரத்தான் அவள் இவ்வளவும் செய்தாள். ஒரு பையன் இருப்பான் என்று நினைக்கவில்லை. அவன் வாய் திறப்பதற்குள் உமையாள் ஆச்சி முந்திக்கொண்டாள்.

"ஆம்பளைப் பிள்ளையாடா? எனக்குப் பேரனா?"

அந்த முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, சாலா பிறந்த அன்றைக்கு அதில் கால்வாசிகூட இல்லை. "பொட்டையா?" என்று திரும்பிப் படுத்தவள் அவள். புருஷனை ஒருவேளை மீனாள் மன்னித்திருப்பாள். இந்த முகத்தை மன்னிக்க முடியவில்லை.

பெரியவர் ஒரு பணியாரத்தை நிதானமாகத் தின்றுமுடித்து, உதட்டுச் சீனியைத் துடைத்தார். "மெத்துன்னுதான் இருக்கு. ஆத்தா மீனா, எனக்கு என் கறார் இருக்கு. ஆனாலும் இதுல உன் வார்த்தைதான். இவன் கப்பலேறவா, வேணாமா?"

உமையாள் ஆச்சி ஓடிவந்து மருமகளின் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி வந்த நாளாக அந்தக் கையை அவள் தொட்டதில்லை. "போகட்டும்னு சொல்லு தாயி. போயி என் பேரனக் கூட்டிக்கிட்டு வரட்டும். உனக்குக் கோயில் கட்டிக் கும்பிடுறேன்."

அழகுசுந்தரம் மீனாளைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அதுவும் அவளுக்கு இனித்தது.

"போக வேணாம் மாமா" என்றாள். "சாலாவுக்கும் அப்பச்சி வேணுமில்ல?"

அத்தோடு முடிந்தது. சைகோனுக்கு வேறு ஆள் போனான். பெரியவருக்கு அந்தப் பணியாரம் பழகிப்போய்விட்டதால், வெள்ளிக்கிழமைதோறும் அழகுசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டு மாவு பிசைந்தான். பட்டினியை விட்டுவிட்ட மீனாள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். பையைக் குலுக்கச் சாலாவை அவள் விடவில்லை. அதைக் கொண்டுபோய் மாமியார் மடியில் வைப்பாள்.

"குலுக்குங்க அயித்தை" என்பாள், குரலில் தேன் சொட்ட. "இதுக்கெல்லாம் ஒரு பேரன் இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

உமையாள் ஆச்சி குலுக்குவாள்.