எந்திஸ் ஊற்றிய கறுப்புப் பிசின்

பாண்டுங் நகரில் வீட்டில் உட்கார்ந்து, கிடாரின் ஒலியை மாற்றும் பெடல் பெட்டியைச் செய்கிறவன் முதலில் கற்றுக்கொள்வது அதை நல்லா கத்த வைப்பதை அல்ல, உள்ளே இருப்பதை மறைப்பதை. எந்திஸ் அதில் படு கெட்டிக்காரன். சிப்பின் முதுகில் அச்சாகியிருக்கும் எண்ணை உப்புத்தாளால் தேய்த்து அழிப்பான். பிறகு பலகை முழுக்கக் கறுப்புப் பிசினை ஊற்றுவான். பிசினில் மணலும் கலப்பான். எவனாவது சுரண்டினால் பலகையும் சேர்ந்து பெயர்ந்து வரட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

எவனாவது என்றால் கொமார். ஊரில் யார் புதுப் பெடல் செய்தாலும் அடுத்த மாதமே அதை வேறு பெயரில் விற்கிறவன். எந்திஸ் அவன் பெயரைக்கூட வாயால் சொல்வதில்லை. "அந்தத் திருட்டுப்பய" என்பதோடு சரி.

இப்போது என்னடாவென்றால், பிசினைச் சுரண்டிக்கொண்டிருந்ததே எந்திஸ்தான்.

கிடார் வாசிக்கும் நெந்தெனுக்கு அவன் செய்துகொடுத்த பெடல் செத்துவிட்டது. மேடையில் எந்தப் புண்ணியவானோ அதன்மேல் இனிப்புத் தேநீரைக் கொட்டிவிட்டான். அவள் குழுவுக்கு அடையாளமே அந்தப் பெடலின் குரல்தான். சளி பிடித்தவன் உயிரைக் கொடுத்துப் பாடுகிற மாதிரி இருக்கும். சுரம் முடிகிற இடத்தில் கிழிந்து தொங்கும். சனிக்கிழமை அவர்களுக்கு முதல் பாட்டுப்பதிவு. அந்தக் குரல் இல்லையென்றால் வேறு குழுவைக் கூப்பிட்டுக்கொள்வதாகத் தயாரிப்பாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எந்திஸுக்கு ஊரில் பெயர் வந்ததும் அந்த ஒரு பெடலால்தான்.

அந்தப் பெடலின் வரைபடம் அவனிடம் பத்திரமாக இருந்தது. ஒரே சிப்புக்குள் ஐந்து டிரான்சிஸ்டர். தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் ஐந்தும் ஐந்து பக்கம் இழுக்கும்; ஒரே சிப்பில் இருந்தால் ஒரே குணமாக இருக்கும், சூடானாலும் சேர்ந்தே சூடாகும். அதே சிப்பை வாங்கி, எண்ணை அழிக்கக்கூட நேரமில்லாமல், படத்தில் உள்ளபடியே புதிதாக ஒன்று செய்தான். நெந்தென் வாசித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா இது அது இல்ல."

"அதே படம்மா. கண்ணை மூடிட்டுக் கேளு."

"கண்ணை மூடினா சுத்தமா இல்ல."

இன்னொன்று செய்தான். அதுவும் இல்லை. வேறு வழியில்லாமல், உள்ளே என்ன வித்தியாசம் என்று பார்க்கச் செத்த பெடலைச் சுரண்டினான். பலகை பொடிப்பொடியாக வந்தது. மணல் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

நெந்தென் தொண்டையைச் செருமினாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க மேடான் ஊருக்குப் போயிருந்தப்ப இதுல சுவிட்ச் போச்சு. கொமார்கிட்டதான் குடுத்தேன்."

"சுவிட்ச் மாத்த எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ஒரு வாரம் வெச்சிருந்தாரு."

"அடப்பாவி!" என்றான் எந்திஸ். ஹெல்மெட்டை எடுத்தான். நெந்தெனும் கிடாரோடு வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கொமார் வாசலுக்கே ஓடி வந்தான். "வாங்கண்ணே, வாங்க!" நாற்காலியில் கிடந்த துணியை அள்ளி வீசி இடம் செய்தான், தேநீர் கொடுத்தான். செருப்பால் அடிக்க வேண்டியவன் கையால் தேநீர் வாங்கிக் குடிக்கிற நிலைமை. எந்திஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பிசினை எப்படிடா எடுத்த?"

"அதை யாருண்ணே தொடுவா? நீங்க மணல் போடுவீங்கன்னு ஊருக்கே தெரியும். எங்க அக்கா பல் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குறா. சொந்தக்காரன் பல்லுன்னு சொல்லி எடுத்துக் குடுத்தா."

கொமார் அந்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். எந்திஸ் பார்த்தான், மறுபடி பார்த்தான். பதினாலு கால் சிப்பு. முதல் கால் எது என்று காட்ட முதுகில் ஒரு புள்ளி இருக்கும். எண்ணை அழித்த வெறியில் அந்தப் புள்ளியையும் தேய்த்துத் தள்ளியிருக்கிறான். புள்ளி இல்லாததால் சிப்பு முன்பின் மாறி உட்கார்ந்திருந்தது; எக்ஸ்ரேயில் அதன் உள்கம்பிகள் காட்டிக்கொடுத்தன.

"உலகத்துல எவனுக்குண்ணே சிப்பைத் திருப்பிப் போடத் தோணும்?" என்றான் கொமார். அவன் கண் கலங்கியே விட்டது. "ரெண்டு டிரான்சிஸ்டர் அரைகுறையா வேலை செய்யுது, மிச்சம் மூணு மூச்சு முட்டிக் கத்துது. நானும் திருப்பியே போட்டேன். இன்னிக்கு வரைக்கும் காரணம் புரியல."

அலமாரியிலிருந்து தன் பெடலை எடுத்துக் கொடுத்தான். நெந்தென் கிடாரைச் செருகி ஒரு சுரத்தை இழுத்தாள். சளி பிடித்தவன் பாடினான், கடைசியில் கிழிந்தான்.

"இதான்! ஐயோ, இதேதான்!" கிடாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

எந்திஸுக்கும் அழுகை வந்தது, வேறு காரணத்துக்காக.

"சொல்லுங்கண்ணே," கொமார் கிட்டத்தில் குந்தினான். "எப்படித் தோணிச்சு?"

பெரிய மேதை மாதிரித் தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவள் அழுவதைப் பார்த்த பிறகு எந்திஸுக்குப் பொய் வரவில்லை.

"தோணலடா. தப்பாப் போட்டுட்டேன். எண்ணைத் தேய்க்கும்போது புள்ளியும் போயிடுச்சு. அவ்ளோதான்."

கொமார் அவனையே பார்த்தான். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தான். "பாத்தியா நெந்தென்? எக்ஸ்ரே எடுத்தும் மனுஷன் வாயைத் திறக்க மாட்டேங்குறாரு!"

"சத்தியமாடா!"

"சரிண்ணே, சரி. இனிமே கேக்கல."

எந்திஸ் நெந்தென் பக்கம் திரும்பினான். அவள் கொமாரின் பெடலைப் பைக்குள் வைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். அவளும் நம்பவில்லை.