காலில் பட்டது

சுயம்பு போய் வருஷம் திரும்பிவிட்டது. அன்றைக்குத் தன் காலில் பட்டது எது என்பது மட்டும் கார்குழலிக்குத் தெரியவில்லை.

காத்திவாக்கத்தில் அவளும் புருஷன் சுயம்புவும் கையால் துழாவி இறால் பிடித்தவர்கள். கழிமுகத்தில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்தே நகர வேண்டும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் பறி போகும், பாடுபட்டதும் போகும். அதனால் நீரில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அன்று தண்ணீர் சாம்பல் கலங்கலாக இருந்தது. கணுக்காலில் ஏதோ வந்து பற்றியது. விலாங்கு என்று உதைத்துத் தள்ளினாள். திரும்பிப் பார்த்தபோது சுயம்புவின் பறி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. உடல் கிடைக்கவேயில்லை.

காலில் ஏதோ பட்டதென்று அவள் சொன்னதை வைத்து, முதலைதான் இழுத்துவிட்டதென்று நாத்தனார் சொக்கம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். அப்படியே இருக்கட்டும் என்றுதான் கார்குழலியும் வேண்டிக்கொண்டாள். மகளிர் குழுவில் மாமல்லபுரம் பக்கத்து முதலைப் பண்ணைக்கு வேன் பிடித்தபோது, முதல் ஆளாக ஏறினாள்.

சுற்றிக் காட்டிய ஜேக்கப் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். முதலைக் குளத்துக்கு மேலே சாய்ந்த மரங்களில்தான் நாரைகள் கூடு கட்டுமாம். கீழே முதலை கிடந்தால் முட்டை திருட எதுவும் ஏறாதாம். "கொக்குக்கு முதல வாச்மேனா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். கார்குழலி வெறும் குளத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் இரண்டு கண்கள் இருந்தன.

வாய் கட்டிய குட்டி ஒன்றை ஜேக்கப் நீட்டினார். "தொட்டுப் பாருங்கக்கா."

முதுகு மட்டிச் சிப்பிக் குவியல் போலிருந்தது. வயிறு வழவழப்பு. அதன் பாதத்தைத் தொட்டபோது நகம் குத்தியது. கார்குழலி கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தடவினாள். அன்றைக்குப் பட்டது கணுக்காலைச் சுற்றி வளைந்தது, மெத்தென்று, நகம் குத்தாமல்.

"இன்னா அண்ணி, இதானே?" சொக்கம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள்.

"இதான்."

சொக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "உம் மேலகூட கோவம் வெச்சிருந்தேன் அண்ணி. பக்கத்துலயே இருந்துகினு வுட்டுட்டியேன்னு. மனசுல வெச்சுக்காத."

திரும்பும்போது வேனில் இடம் போதவில்லை. சொக்கம்மாள் கீழே, கார்குழலியின் காலடியில் சாய்ந்து தூங்கிப்போனாள். காலடிப்பேட்டை தாண்டும்போது, தூக்கத்திலேயே அவள் கை நகர்ந்து வந்து அண்ணியின் கணுக்காலைப் பற்றிக்கொண்டது.

கார்குழலி காலை அசைக்கவில்லை. வேன் நின்று, எல்லோரும் இறங்கின பிறகும் அசைக்கவில்லை.