தண்ணீர்த் தொட்டி வீடியோ

ஊர்க் குடிநீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவது என் வேலை. அந்த நெடிக்கு முகத்தை மூடிக்கொண்டு ஏறினால் பெற்ற தாய்க்கே என்னை அடையாளம் தெரியாது.

அன்று மேற்பார்வையாளர் போன் செய்தார். "தொட்டிப் பக்கம் வந்துடாதம்மா. கூட்டம் கல்லோட நிக்குது."

ஒரு வீடியோவும் அனுப்பினார். யாரோ மொட்டைமாடியிலிருந்து எடுத்தது. நான் வாளியைக் கவிழ்க்கிறேன். பின்னால் திகில் இசை. 'நம்ம தண்ணியில விஷம் கலக்கும் எதிர்க்கட்சிக்காரி' என்று எழுத்து ஓடுகிறது. அடக் கர்மமே என்று சிரிப்புத்தான் வந்தது. போனில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். அங்கே அதைப் போட்டிருந்தது என் சொந்த அண்ணன். 'இவளைச் சும்மா விடக் கூடாது' என்று வேறு எழுதியிருந்தான்.

அவன் கீழ்வீடு, நான் மாடி. அவன் டிவியில் நாடு சொர்க்கம்; என் டிவியில் சுடுகாடு. போட்டி போட்டுச் சத்தத்தைக் கூட்டுவோமே தவிர, ஒருவர் சேனலை இன்னொருவர் பார்த்ததில்லை. அவன் அனுப்பும் குப்பை பொறுக்காமல் அந்தக் குழுவை நான் எட்டிப் பார்த்தே மாசக்கணக்காகிறது.

கீழே ஓடினேன். "அண்ணா, அது நான்தான். எப்பவும் ஊத்துற பவுடர் தண்ணி. முதல்ல அதை அழி."

அவன் முகம் வெளுத்தது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"உன்னை யாரு ஊத்தச் சொன்னா?" என்றான்.

"ஆபீஸ்லதான். இத்தனை வருஷமா வேற என்ன வேலை பாக்குறேன்?"

"மழுப்பாதே. அந்த சேனலைப் பாத்துப் பாத்து நீ இவ்வளவு தூரம் போயிட்டியா?"

உள்ளேயிருந்து அண்ணி வந்தாள். "ஏங்க, அவ உங்க தங்கச்சிங்க."

"அதான் பயமா இருக்கு."

குழாயில் ஒரு டம்ளர் பிடித்து அவன் கண்ணெதிரே மடமடவென்று குடித்தேன். "பாத்துக்க. இதுல விஷம் இருந்தா நான் குடிப்பேனா?"

அவன் போனை எடுத்தான். அழிக்கத்தான் போகிறான் என்று நம்பினேன், பைத்தியக்காரி. போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"என்னண்ணா பண்றே?"

"அவ யாருன்னு குரூப்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அண்ணி பாய்ந்து பிடுங்குவதற்குள் என் படத்தை அனுப்பிவிட்டான்.