ஒரு விரல் இடைவெளி

மருத்துவர் ஊசி முனையால் கட்டிலில் படுத்திருந்தவரின் இடது கன்னத்தைத் தொட்டு, "வலிக்குதா சார்?" என்றார். "கொஞ்சம்கூட இல்ல" என்று அவர் பெருமையாகச் சொன்னார். மருத்துவரின் முகம் வாடியது. வலித்தால்தான் நல்லது, மருந்து கேட்கிறது என்று அர்த்தம் என்பது அப்போதுதான் கணவனுக்கும் மனைவிக்கும் புரிந்தது.

அவர் கட்டட வேலைகளில் கிரேன் ஓட்டுபவர். சர்க்கரை வியாதி உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவார். முதலில் மூக்கடைப்பு. பிறகு பல்வலி என்று போய் ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார், அப்போதும் முனகவில்லை. அடுத்து இடது இமை தானாக இறங்கி மூடிக்கொண்டது. மூக்குக்குள் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தபோது கரி அப்பியதுபோல் கறுத்திருந்தது. ஒரு துணுக்கைக் கிள்ளிச் சோதித்து, பூஞ்சை என்றார்கள். பழைய ரொட்டியில் பூக்குமே, அந்த இனம்தான். சர்க்கரை எல்லை மீறிய உடம்பில் ரத்தக் குழாய்க்குள் புகுந்து, போகிற வழியில் சதையைச் சாகடித்துக்கொண்டே போகும். அறுவை செய்து செத்ததையெல்லாம் சுரண்டி எடுத்தார்கள். பூஞ்சைக்கான மருந்து சொட்டுச் சொட்டாக ஏறும்போது குளிர் நடுக்கத்தில் கட்டில் ஆடும்.

திரைக்கு வெளியே மருத்துவர் மனைவியிடம் தணிந்த குரலில் பேசினார். "மறுபடி ஸ்கேன் எடுக்க ஏத்துற மருந்தை இவர் கிட்னி தாங்காதும்மா. நாளைக்குக் கன்னத்துல உணர்ச்சி திரும்பியிருந்தா ரெண்டு நாள் பொறுக்கலாம். இல்லேன்னா ஸ்கேன் எடுத்தே ஆகணும். பின்னாடி பரவியிருந்தா கண்ணை எடுக்க வேண்டியிருக்கும். அதை விட்டா அடுத்தது மூளைதான்."

அவள் உள்ளே போனபோது, அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"ஒத்தைக் கண்ணனை மேல ஏத்த மாட்டாங்க. கீழ நின்னு கொடி ஆட்டச் சொல்வாங்க. அதுக்குச் செத்துரலாம்."

"செத்துட்டா கொடிகூட ஆட்ட முடியாது" என்றாள் அவள். அவர் பாதி முகத்தால் சிரித்தார்.

மறுநாள் ஊசி கன்னத்தைத் தொட்டதும், "ஸ்ஸ்... யம்மா!" என்று துள்ளினார். மருத்துவர் முகம் மலர்ந்தது. "அடடா, நோயாளி கத்தினதுக்கு இவ்ளோ சந்தோஷப்படுறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்றபடி கண்ணுக்குக் கீழே இன்னொரு இடத்துக்கு ஊசியைக் கொண்டுபோனார். வாசலில் நர்ஸ் ஏதோ கேட்க, மருத்துவரின் தலை திரும்பியது. கை அந்தரத்தில் நின்றது.

"ஆ!" என்று கத்தினார் கட்டிலில் இருந்தவர்.

பக்கவாட்டில் நின்ற மனைவி பார்த்தாள். ஊசிக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. முப்பது மாடி உயரத்தில் உட்கார்ந்து, கீழே இரும்பு உத்தரத்தை இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே அலுங்காமல் இறக்கும் மனிதர். ஒரு கண் மூடியதும், தன் முகத்துக்கு முன்னால் இருப்பது எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை.

"சரி, ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று மருத்துவர் பேனாவைத் திறந்தார்.

அவர் திறந்திருந்த வலது கண்ணால் மனைவியைப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தக் கண் அவளிடம் எதையும் கெஞ்சியதில்லை. சும்மா இருந்துவிடலாம். சும்மா இருந்தால் அவருக்குப் பிடித்த மனைவியாக இன்னும் சில நாள் இருக்கலாம்.

"டாக்டர், இன்னொரு கண்ணையும் மூடிட்டுக் குத்திப் பாருங்க."

"ஏம்மா, உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றார் கணவர்.

அவள் பக்கத்தில் போய் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். மருத்துவர் கண்ணுக்குக் கீழே குத்தினார். கன்னத்தில் குத்தினார். மூக்கோரம், மேலுதடு. பிறகு ஓசைப்படாமல் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, அவளைப் பார்த்தார்.

"குத்துங்க டாக்டர்" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் ரெடி."

அவள் கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குள் அவருடைய இமை மயிர்கள் துடித்துக்கொண்டிருந்தன.